எதிர்வீட்டு ஆட்சேபணை

"வூட்டுல ஆளே இல்லன்னு எழுதியிருக்காங்களாம்" என்றான் கொளஞ்சியப்பன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதடு அசைவது முதலில் தெரிந்தது. குரல் ஒரு கணம் பிந்தித்தான் ரிசீவருக்குள் வந்தது. கலையரசி ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். திருச்சி சிறையின் நேர்காணல் அறையில் அவளுக்கு வலப்பக்கம் ஒரு பெரியவர் தன் மகனிடம் மாடு கன்று போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு பெண் எதுவுமே பேசாமல் கைக்குழந்தையைக் கண்ணாடியில் தூக்கித் தூக்கிக் காட்டினாள். ஆளாளுக்குப் போட்ட சத்தத்தில் தனக்குத்தான் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று கலையரசிக்குச் சந்தேகம் வந்தது.

"எந்த வூட்டுல?"

"நம்ம வூட்டுலதான். விசாரணைக்கு வந்திருக்காங்க. வாசக்கதவு பூட்டிக் கெடந்துச்சாம். ஒரு பக்கம் சுவரே இல்லையாம். எதுத்தாப்புல கேட்டதுக்குத் தெரியாதுன்னுட்டாங்களாம். தங்க எடமில்ல, பொறுப்பெடுக்க ஆளில்லன்னு மனுவத் தள்ளிட்டாங்க." அவன் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே வந்தான். "நீ எங்க போயிருந்த?"

"எங்கயும் போவல. உள்ளதான் இருந்தேன்."

"பின்ன ஏன் பூட்டியிருந்துச்சு?"

கலையரசி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். பதினொரு வருஷமாக மாதம் தவறாமல் புருஷனைப் பார்க்க வருகிறாள். ஊரில் மழை பெய்ததா, முந்திரி பூத்ததா, யார் வீட்டில் கல்யாணம், தான் வேலை பார்க்கும் சத்துணவுக் கூடத்தில் புது டீச்சர் எப்படி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுவாள். விட்டுப்போகக் கூடாதென்று பஸ்ஸிலேயே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். இந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை.

"எதுத்தாப்புல மலரு இருக்குல்ல" என்றாள். "தெனம் காலையில கதவத் தொறந்தா அது மூஞ்சியிலதான முழிக்கணும். அதான் அந்த வருஷமே பூட்டிட்டேன். பின்னால கொல்லப்பக்கமா வந்து போறேன்."

கொளஞ்சியப்பன் அவளைப் பார்ப்பதை விட்டுக் கீழே பார்த்தான். ரிசீவர் அவன் காதில்தான் இருந்தது. வார்டர் வந்து தோளைத் தொடும் வரை இரண்டு பேரும் அப்படியே ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மனுப் போட்டுக் கேட்டதற்குக் காகிதத்தில் விடுப்பு என்று பெயர். எல்லோர் வாயிலும் பரோல். ஆயுள் தண்டனைக்காரன் மனுப் போட்டால் உடனே கதவைத் திறந்து அனுப்பிவிடுவதில்லை. நன்னடத்தை அலுவலர் ஒருவர் ஊருக்கு நேரில் போய், தங்க இடம் இருக்கிறதா, யார் பொறுப்பு, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது, முக்கியமாகச் செத்தவர் வீட்டாருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு எழுதவேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தனியாக ஓர் அறிக்கை வரும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மேலே முடிவு செய்வார்கள். கொளஞ்சியப்பனால் முதல் சில வருஷங்கள் கேட்கவே முடியவில்லை, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. நடுவில் அவன் அம்மா இறந்தபோது போலீஸ் காவலோடு வந்தான். நேராகச் சுடுகாட்டுக்கு வந்து, கொள்ளி வைத்து, ஈரத் துண்டோடு வண்டி ஏறிப் போனான். தெருவுக்குள் வரவில்லை. அதனால் அவன் மனசில் இருந்த வீட்டுக்கு இன்னமும் வாசற்கதவு திறந்துதான் இருந்தது.

கலையரசி கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி அடங்கும் வரை நின்று, பிறகு நடந்தாள். நடக்கும்போது விசாரணைக்கு வந்த நாள் எதுவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். பிடிபட்டுவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாள். கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆம்பளைக் குரல் ஒன்று எதையோ விசாரித்தது. மலர்கொடி ஏதோ சொன்னாள். பைக் போய்விட்டது. மலர்கொடி வீட்டுக்கு யாரோ வந்து போகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். தன் வீட்டைத் தேடி வெளியாள் ஒருவர் வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது என்றால் எழுந்து எட்டிப் பார்த்திருப்பாள்; வருஷக்கணக்காக யாரும் வந்ததில்லை. அவள் பாட்டுக்குச் சட்டியின் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வீட்டில் ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

மலர்கொடி மீது கோபம் வரவில்லை. இந்த வீட்டைப் பற்றி மலர்கொடி யாரிடமும் வாய் திறந்ததில்லை. இவளும் அப்படித்தான். மலர்கொடியின் புருஷன் வைரக்கண்ணு செத்த அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு நின்றது. ஊர் அதை ஒழுங்காகக் காப்பாற்றிக் கொடுத்தது. ஒரு கல்யாணத்துக்கு மலர்கொடியைக் கூப்பிட்டால் கலையரசியைக் கூப்பிட மாட்டார்கள். போகப்போக எல்லாவற்றுக்கும் மலர்கொடியைத்தான் கூப்பிட்டார்கள்.

முன்னே அப்படி இல்லை. கொளஞ்சியப்பன் கொத்தனார். இரண்டு வீட்டையும் ஒரே கோடையில் அவன்தான் கட்டினான். இந்தக் குழம்பு அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுத் தயிர் இங்கே வரும். வயலில் இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு, ஒரு மோட்டார், முறைத் தண்ணீர். ஒரு சித்திரை மாதம் யார் முறை என்பதில் வாய் தடித்து, கையில் இருந்தது மண்வெட்டி என்பது ஞாபகமில்லாமல் கொளஞ்சியப்பன் அதை ஓங்கிவிட்டான். வைரக்கண்ணு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து மூன்றாம் நாள் போனான். இரண்டு வயலும் இப்போது தரிசு.

சுவர் போன ஐப்பசி மழையில் விழுந்தது. தெற்குப் பக்கத்து மண்சுவர், ஊறி ஊறி ஒரு விடியற்காலையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. கலையரசியின் அண்ணன் சாமிதுரை மேலப்பழுவூரிலிருந்து ஓடி வந்தார். ஆள் அனுப்புகிறேன், நாலு நாளில் செங்கல் சுவராக எழுப்பிவிடலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். பனங்கட்டை முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் கட்டி, மிச்சமிருந்த ஓர் அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். மனுவில் கொளஞ்சியப்பன் காட்டிய காரணமே அந்தச் சுவர்தான்: இடிந்த வீட்டைப் பழுதுபார்க்க. காரணத்தை அவளே எழுப்பி முடித்துவிட்டால் அவன் எதற்கு வருவான்? ராத்திரியில் தார்ப்பாய் காற்றுக்கு அடித்துக்கொள்ளும். யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு மறுபடி படுப்பாள்.

அடுத்த வாரம் பெரம்பலூருக்குப் போனாள். மாடியில் நன்னடத்தை அலுவலரின் ஆபீஸ். வேணுகோபால் என்கிற எழுத்தர் அவள் நீட்டிய ஆதாரையும் ரேஷன் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உள்ளேயே இருந்தீங்களா?"

"இருந்தேங்க சார்."

"வெளிய பூட்டு?"

"பூட்டுதாங்க."

"ஏம்மா, வூட்டப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தா நாங்க என்ன, வெத்தலையில மை போட்டா பாக்க முடியும்?" பக்கத்து நாற்காலியில் ஒருவர் சிரித்தார். கலையரசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன்னை யாராவது கேலி பேசி எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்தாள்.

அலுவலர் ஆர்த்திக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புதிதாக வந்திருந்தார். முழுவதையும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. மறுபடி ஒரு மனு சிறையிலிருந்து வந்தால் தானே நேரில் வருவதாகச் சொன்னார். "ஆனா அம்மா, எதிர்வீட்டுல நான் கேட்டே ஆகணும். அவங்க ஆட்சேபணைன்னு சொன்னா, அதையும் அப்படியேதான் எழுதுவேன். அப்பறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறேன்" என்றாள் கலையரசி.

மறு மனு போய், காகிதம் சுற்றி வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. விசாரணைக்கு வரும் நாளை ஆபீஸிலிருந்து போனில் சொன்னார்கள். வேணுகோபால்தான் பேசினார். "கதவத் தொறந்து வச்சிருங்கம்மா" என்று அவர் சொன்னதில் இந்த முறை கேலி இல்லை.

சாவி எங்கே போனதென்று தெரியவில்லை. சாமிதுரை சுத்தியலும் உளியும் கொண்டுவந்தார். துருப்பிடித்துக் கல்லாகிப் போயிருந்த பூட்டு மூன்று அடியில் விட்டுக்கொடுத்தது, கதவுதான் விடவில்லை. நிலையோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளிருந்து அவளும் வெளியிலிருந்து அவருமாக மாறி மாறித் தள்ளி இழுத்ததில் திடீரென்று பிளந்துகொண்டு திறந்தது. கரையான் மண் கொத்தாக அவள் தலையில் விழுந்தது. காலை வெயில் அறைக்குள் கட்டில் கால் வரை வந்து விழுந்தபோது, தன் சாமான்கள் எல்லாம் இத்தனை பழசா என்று அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

எதிரே மலர்கொடி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. கொல்லைப்புறமாகவே போய்வந்ததில் தூரத்தில் முதுகைத்தான் எப்போதாவது பார்த்திருக்கிறாள் கலையரசி. முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். மலர்கொடி துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் வாசல் பாதிதான் கூட்டியிருந்தது.

ஆர்த்தி பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். ஃபைலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். முதலில் டீக்கடைத் திருமுருகனிடம் விசாரித்தார். அவன் தெருவெல்லாம் கேட்கிற குரலில், "நல்ல மனுசன்தாங்க மேடம். என் கடை அடுப்பே அவரு போட்டதுதான். அன்னிக்கு என்னமோ சனி புடிச்சிருச்சு" என்றான். வந்தால் பிரச்சினை வருமா என்று கேட்டதற்கு, "ஊருக்கு வராதுங்க. அந்த ரெண்டு வூட்டுக்கு உள்ளதை நான் எப்படிச் சொல்றது" என்று டீயை ஆற்றத் தொடங்கிவிட்டான்.

பிறகு கலையரசி வீட்டுக்கு வந்தார். அறையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தார்ப்பாயை விலக்கிச் சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். மண்மேல் பூசணிக் கொடி ஏறியிருந்தது.

"ஒரு மழைக்காலம் பூரா இப்படியேவா இருந்தீங்க? கொத்தனாரை வச்சு எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பிட்டா, அந்தாளு எதுக்கு வர்றாருன்னு கேப்பீங்கல்ல?"

ஆர்த்தி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். "இது எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான், தப்பா நினைக்காதீங்க. அவர் வந்தா உங்களுக்கு ஏதும் பயம் இருக்கா?"

இப்படி ஒன்றை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கோர்ட்டில் கூடக் கேட்கவில்லை. நன்றாக யோசித்தாள்.

"வர்றதுக்குப் பயமில்லைங்க. வந்துட்டு லீவு முடிஞ்சு போவாருல்ல, அந்த மறுநாள நெனச்சாத்தான். இப்ப பழகிப்போச்சு. ஒரு தட்டு, ஒரு டம்ளரு. அந்தாளு வந்து நாலு நாளு உக்காந்து தின்னுட்டுப் போயிட்டாருன்னா மறுபடி மொதல்லேருந்து பழகணும்."

"அப்ப வேணாமா?"

"ஐயோ, வரட்டுங்க" என்றாள் அவசரமாக. "அத எழுதிராதீங்க. நான் ஏதோ ஒளறுறேன். வரட்டும்னு எழுதுங்க."

ஆர்த்தி தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனார். நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் தெரு. மலர்கொடி அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. கலையரசி தன் வாசற்படிக்கு உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மிக்ஸி ஓடுவது நின்றது. தண்ணீர்ச் சொம்பு வைக்கிற சத்தம். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அது மலர்கொடிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சளி பிடித்தால் மலர்கொடி எப்படிச் சிந்துவாள், கோபம் வந்தால் எப்படிச் சிந்துவாள் என்பதெல்லாம் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்குத் தெரியும்.

வெளியே வந்த ஆர்த்தியின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஃபைலை மறுபடி பிளாஸ்டிக் பைக்குள் சுற்றினார். கலையரசி எழுந்து நின்றதைப் பார்த்து, "நான் எழுதி அனுப்பிடுவேன்மா. முடிவு மேலதான்" என்று மட்டும் சொன்னார். மலர்கொடி என்ன சொன்னாள் என்று கேட்க வாய் வரை வந்ததைக் கலையரசி விழுங்கிக்கொண்டாள். கேட்டாலும் சொல்ல மாட்டார், அதுவும் விதிதான்.

அவர் தெரு முனை திரும்பிய கொஞ்ச நேரத்தில் மலர்கொடி வீட்டிலிருந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகவேகமாக ரோட்டுப் பக்கம் போனாள். ஓடினாள் என்றே சொல்லவேண்டும். எழுத வைத்தது போதாதென்று இன்னும் சொல்லப் போகிறாள் என்று கலையரசி நினைத்தாள். என் மகன் திருப்பூரிலிருந்து வந்தால் வெட்டுவான் என்று சொல்வாளாயிருக்கும். வைரக்கண்ணு ரத்தத்தோடு கிடந்த வரப்பைச் சொல்வாளாயிருக்கும். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. திரும்பி வந்தபோது மலர்கொடி மெதுவாக வந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம் கலையரசி சாப்பிடவில்லை. திறந்த கதவை என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருக்கதவை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சாத்தினால் மலர்கொடி என்ன நினைப்பாள், சாத்தாவிட்டால் என்ன நினைப்பாள் என்று இரண்டையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தாள். கதவு பாட்டுக்குத் திறந்து கிடந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு பழுப்புக் கோழி குஞ்சுகளோடு தெருவைக் கடந்து வந்தது. வாசற்படியில் ஏறி நின்று கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தது. இத்தனை நாள் இல்லாத வழி ஒன்று திறந்திருப்பதில் அதற்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. உள்ளே வந்து, அரிசி சிந்தியிருந்த மூலையைக் கிளறிவிட்டு, கட்டிலுக்கு அடியில் போனது.

எதிரேயிருந்து "பா... பா... பா" என்று குரல் வந்தது. கோழி சட்டை செய்யவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு மலர்கொடி தெருவின் பாதி வரை வந்து நின்றாள். உள்ளே பார்க்கவில்லை. கரண்டுக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ மானங்கெட்டவளே, தொறந்த வூடுன்னு நொழைஞ்சிட்டியா? அங்க என்னடி படைச்சு வச்சிருக்கு ஒனக்கு?"

கலையரசி கட்டிலிலிருந்து எழுந்து கதவோரம் வந்தாள். பேச்சில்லாதவர்கள் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அந்தத் தெருவில் ஆட்டிடம் சொல்வார்கள், கோழியிடம் சொல்வார்கள், இடுப்புக் குழந்தையிடம் சொல்வார்கள். இது கோழிக்கான பேச்சில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆட்சேபணை உண்டாங்குது அந்தப் பொண்ணு. உண்டுன்னுதான்டி சொன்னேன். சொல்லாம? செத்தது எவ வூட்டு ஆளு? எம் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கலையரசி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கிட்டுப் போயிருச்சு. போனப்பறந்தான் எனக்கு ஒண்ணும் ஓடல. சுவரில்லாத வூட்டுல கெடந்து ராவெல்லாம் இருமுது ஒருத்தி, எனக்குக் கேக்காதா? எனக்கு மட்டும் என்ன தூக்கம் வருதா? சரின்னு பின்னாலயே ஓடுனேன். நான் சொன்னத அடிச்சிடுங்கம்மா, வர்றவன் வந்துட்டுப் போவட்டும், எங் கண்ணுல படாமப் போவட்டும்னேன். அதுக்குள்ள பஸ்சு வந்துருச்சு. படியில நின்னுக்கிட்டு அது தலைய ஆட்டுச்சு. சரின்னு ஆட்டுச்சா, இனிமே முடியாதுன்னு ஆட்டுச்சா? எனக்கென்னடி தெரியும்? லாரி சத்தத்துல நான் சொன்னது அதுக்குக் கேட்டுச்சோ கேக்கலையோ." மூச்சு வாங்கியது. "கேட்டுக்கிட்டியாடி, கழுத? வா இப்படி."

கோழி வரவில்லை. கட்டிலுக்கு அடியில் மண்ணைப் பறித்துக் குழி செய்துகொண்டிருந்தது.

கலையரசி குனிந்து அதைப் பார்த்தாள். ஒருமுறை இருமிக்கொண்டாள்.

"போயேன்டி" என்றாள் கோழியிடம். "கூப்புடுறாங்கல்ல. இருட்டிருச்சுன்னா கண்ணு தெரியாது ஒனக்கு." பிறகு, இன்னும் கொஞ்சம் குரலை ஏற்றி, "போயி உன் ஆத்தாள மொதல்ல ரெண்டு வாய் சோறு திங்கச் சொல்லு. மத்தியானத்துலேருந்து அடுப்புப் புகையே காணும்" என்றாள்.

தெருவில் கால் நகரும் சத்தம் கேட்கவில்லை.

கோழி சிறகை விரித்து இறக்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக உள்ளே புகுந்துகொண்டன. ஒன்று மட்டும் வாசற்படி ஏறத் தெரியாமல் தெருவிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. மலர்கொடி குனிந்து அதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் வரவும் இல்லை, போகவும் இல்லை. கட்டிலடியிலிருந்து கோழி கூப்பிட்டது. மூடிய கைக்குள்ளிருந்து குஞ்சு பதில் சொன்னது.